சமையல் கூடத்துக்கு முகம் தெரியும் டைல்ஸ் வேண்டாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கும், பிள்ளைகள் கை கழுவும் தாழ்வாரத்துக்கும் புதிதாகத் தரை போட முடிவெடுத்திருக்கிறீர்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூலும் ஆரம்பித்தாயிற்று. மனசு நிறைந்துபோனது. படித்த பள்ளிக்கூடத்தை மறக்காத பிள்ளைகள் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தான்: "ஐவரி கலர், கண்ணாடி மாதிரி இருக்கும் டீச்சர், முகமே பார்க்கலாம்." அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருந்தீர்கள்.

நான் கைதட்டவில்லை. குழுவில் இரண்டு வரியில் மறுப்புச் சொன்னால் மனசு வருத்தப்படுவீர்கள் என்று காரணத்தோடு இங்கே எழுதுகிறேன். அந்த டைல்ஸ் வேண்டாம். சமையல் கூடத்திலும் கை கழுவும் இடத்திலும் முகம் தெரிகிற தரை போடுவது தப்பு. தெரியாமல் போட்டால் அறியாமை, தெரிந்தே போட்டால் பாவம். நான் தெரியாமல் ஒரு முறை போட்டவள்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியையாக இருந்த முந்தைய பள்ளியில், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு நல்ல மனிதர் சமையல் கூடத்துக்கு டைல்ஸ் போட்டுத் தந்தார். அதற்கு முன் அங்கே கரடுமுரடான சிமெண்ட் தரை. கரிப்பிடித்து, ஓரமெல்லாம் பெயர்ந்து, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். "என்ன மாதிரி டைல்ஸ் வேண்டும் டீச்சர்?" என்று அவர் கேட்டார். "பளிச்சென்று இருக்கணும் சார், அழுக்கு இருந்தால் உடனே தெரியணும்" என்று சொன்னது நான்தான். வெள்ளை நிறத்தில் வழுவழுவென்று போட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி பாராட்டினார். நானும் பூரித்துப் போனேன்.

மூன்றாவது மாதம் நம் சமையலக்கா விழுந்தார். சோறு வடித்த கஞ்சி கொஞ்சம் தரையில் சிந்தியிருந்தது. உதவியாளர் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டிருந்தார். அந்த ஈரத்தின்மேல் இரண்டு கையாலும் சாம்பார்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் கால் முன்னால் ஓடிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. தொடையில் கொதிக்கிற சாம்பார். கூடத்துக்கு வெளியே வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்த அலறலைக் கேட்டார்கள்.

நான் ஓடிப்போய் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்து நடக்கக் கூடாதாக்கா?"

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமா டீச்சர், என் தப்புதான்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து, பதிவேட்டில் எழுதினேன்: "கவனக்குறைவால் வழுக்கி விழுந்தார்." என் கையெழுத்து. பச்சை மையில். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நோட்டில் தப்பைத் திருத்தியவள் எழுதிய தப்பு அது.

அந்தக் கை சரியாகச் சேரவில்லை. பெரிய பாத்திரத்தை அவரால் அதன்பின் தூக்க முடியவில்லை. வெங்காயம் உரிப்பது, பருப்புக் கழுவுவது என்று சில மாதம் சமாளித்துவிட்டு அவராகவே நின்றுவிட்டார். நானும் அதை அதோடு மறந்துவிட்டேன்.

எப்போது நினைவுக்கு வந்தது என்றால், சென்ற ஆண்டு என் வீட்டுக்காரரின் கண் அறுவைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் தங்கியபோதுதான். அங்கே தரை குளத்துத் தண்ணீர் போலப் பளபளக்கும். துடைக்கிற அம்மா ஒருவர், தான் துடைத்த ஈரத்திலேயே வழுக்கி, வாளியோடு விழுந்தார். மேற்பார்வையாளர் வந்தார். வயசில் என் பெண்ணைவிடச் சின்னவர். "பார்த்து நடக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "சாரிங்க மேடம்" என்றார். என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் வாக்கியம் அது.

கண்ணுகளா, இதைத்தான் நான் இன்றைக்குக் கேட்கிறேன். வேலை செய்கிற இடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால், விழுந்தவரையே குற்றவாளியாக்குகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? விழுந்தவரும் அதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாரே, அது எப்படி? தரையைத் தேர்ந்தெடுத்தவர், வாட்டம் சரியாக வைக்காதவர், ஈரத்தில் பாரம் தூக்கச் சொன்னவர், இத்தனை பேரையும் விட்டுவிட்டு, எலும்பு முறிந்தவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

இனி கொஞ்சம் பாடம். தூங்காதீர்கள்.

உராய்வுப் பாடம் நினைவிருக்கிறதா? "உராய்வு ஒரு தேவையான தீமை" என்று எல்லோரும் ஒப்பிப்பீர்கள். கேரம் போர்டில் ஏன் பவுடர் போடுகிறோம் என்று கேட்டால் கடைசி பெஞ்சு முழுவதும் கை தூக்கும். காய் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், அதற்காக. நடக்கும்போது நமக்கு அதற்கு நேர் எதிரானது வேண்டும். முன்னால் வைக்கும் குதிகால் தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. தரை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடிதான் உராய்வு. காலுக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீரோ கஞ்சியோ எண்ணெயோ ஒரு மெல்லிய படலமாக நின்றுவிட்டால், கால் தரையைத் தொடுவதே இல்லை. படலத்தின்மேல் மிதக்கிறது. அப்புறம் எவ்வளவு "பார்த்து" நடந்தாலும் என்ன? கண் பார்க்கும், கால் பிடிக்காது.

தரையில் சின்னச் சின்ன மேடு பள்ளம், சொரசொரப்பு இருந்தால், அந்த மேடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காலைத் தொடும். தண்ணீர் என்றால் சின்ன மேடு போதும். எண்ணெய் கெட்டியானது, அதற்குப் பெரிய மேடு வேண்டும். பிரிட்டனில் இதற்கு அரசுத் துறை ஒன்று வழிகாட்டி அளவே வைத்திருக்கிறது. வெறும் தண்ணீர் சிந்தும் இடத்துக்குத் தரையின் சொரசொரப்பு 20 மைக்ரோமீட்டர், சமையல் எண்ணெய் சிந்தும் இடத்துக்குச் சுமார் 70 மைக்ரோமீட்டர். 70 மைக்ரோமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். ஒரு முடியளவு சொரசொரப்பு இல்லாததால்தான் கை கால் உடைகிறது.

இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரியும் என்று நினைக்காதீர்கள். ஓமனில் சேஃப்டி ஆபீசராக இருக்கும் நம் மாணவன் ஒருவன் போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். ஏழாம் வகுப்பில் அவனை நான் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். இப்போது அவன் கேள்வி கேட்டு நான் விழிக்கிறேன். மாணவனிடம் பாடம் கேட்பதைவிட வாத்தியாருக்கு வேறு பெருமை உண்டா?

அவன் சொல்லிக் கொடுத்தது இது. டைல்ஸ் அட்டைப் பெட்டியிலோ கேட்லாகிலோ 'ஆர் 9', 'ஆர் 10', 'ஆர் 11' என்று போட்டிருக்கும். 'ஆர் 13' வரை உண்டு. இது ஜெர்மனிக்காரர்கள் கொண்டுவந்த சோதனை. சாய்வுப் பலகையில் டைல்ஸைப் பதித்து, அதன்மேல் எண்ணெய் தடவி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். எந்தச் சாய்வில் வழுக்குகிறதோ அதை வைத்து எண் கொடுப்பார்கள். 6 டிகிரி தாண்டினாலே 'ஆர் 9' கிடைத்துவிடும். 'ஆர் 11'க்கு 19 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆகவே 'ஆர் 9' என்றால் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று மயங்காதீர்கள். அதுதான் வரிசையிலேயே கடைசி மாணவன்! அதற்குக் கீழே எண்ணே இல்லை.

இன்னொரு விஷயம். அந்தச் சோதனை பூட்ஸ் காலுக்கு. நம் சமையலக்காமார்கள் பூட்ஸா போட்டிருக்கிறார்கள்? பாதிப் பேர் வெறுங்கால். மீதிப் பேர் அடி தேய்ந்த ரப்பர் செருப்பு. வெறுங்காலுக்கு ஈரத்தில் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. நம் பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கு நேர் தலைகீழ், 'சி' தான் நன்றாகப் பிடிக்கும். ஊசல் போல ஆடும் கையில் ரப்பரைக் கட்டி, ஈரத் தரையைத் தேய்த்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதில் 36க்கு மேல் வந்தால் வழுக்கும் ஆபத்துக் குறைவு, 24ம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து அதிகம். டைல்ஸ் கடை வைத்திருக்கும் நம் தம்பிகள் இதையெல்லாம் கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். மோர்பியிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு இறக்குகிறீர்களே, நிறமும் அளவும் கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வழுவழு டைல்ஸ் காய்ந்திருக்கும்போது பெரிய ஆபத்தில்லை. அதனால்தான் கடையில் நடந்து பார்க்கும்போது உங்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வகுப்பறைக்குள், தண்ணீர் வராத இடத்தில், போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. வழுவழுப்பும் ஈரமும் சேருகிற இடத்தில்தான் என் சண்டை. சமையல் கூடம், பாத்திரம் கழுவும் இடம், கை கழுவும் இடம், கழிப்பறை, சாரல் அடிக்கும் தாழ்வாரம், சக்கர நாற்காலிப் பிள்ளைகளுக்கான சாய்தளம். இந்த ஆறு இடத்திலும் கூடாது. சாய்தளத்துக்கு பாலிஷ் கிரானைட் போட்ட பள்ளிக்கூடங்களை நானே பார்த்திருக்கிறேன். கால் சரியில்லாத பிள்ளைக்கு என்று கட்டி, கால் நன்றாக இருக்கிறவனையும் விழவைக்கிற வேலை அது.

நம் முன்னோர்கள் இதை எந்தச் சோதனையும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். கோயில் பிராகாரத்துக் கல்லைப் பாருங்கள், உளி கொத்திய தடம் இருக்கும். கிணற்றடிக் கல் சொரசொரவென்று இருக்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்து வழுவழுப்பானால் "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தி வாங்குவோம். வழுவழுத்த கல் எதையும் பிடிக்காது, அரைக்காது என்று என் பாட்டிக்குத் தெரியும். டிப்ளமோ படித்த எனக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லிலும் பாசி பிடித்தால் வழுக்கும்தான். அதனால்தான் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவினார்கள்.

சரி, நீங்கள் என்னென்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"சொரசொரப்பான தரையில் அழுக்குப் பிடிக்கும் டீச்சர்." பிடிக்கும். கொஞ்சம் தேய்த்துக் கழுவ வேண்டும். நீளக் கைப்பிடி போட்ட கெட்டி பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், போதும். அழுக்கைத் தேய்த்தால் போய்விடும். மணிக்கட்டு எலும்பைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அதோடு, பளபள தரை சுத்தமானது என்பதே பாதி பிரமை. சோப்புத்தூளை அள்ளிப் போட்டு, சரியாக அலசாமல் விட்டால் அந்தப் படலம் தரையிலேயே காய்ந்து நிற்கும். அடுத்த ஈரத்தில் அதுவே வழுக்கும். பளபளப்பை வைத்துச் சுத்தத்தை அளக்க முடியாது.

"செலவு கூடும்." நம் கடைக்காரத் தம்பியிடமே கேட்டேன். ஒரே அளவு, ஒரே கம்பெனியில், வழுவழுவுக்கும் மேட் பினிஷுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொன்னான். அது கூட வேண்டாம் என்றால் கோடு போட்ட சிமெண்ட் தரை, இல்லை பாலிஷ் போடாத கல். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. பிள்ளைகள் சாப்பிடத்தானே வருகிறார்கள், பெண் பார்க்கவா வருகிறார்கள்?

"மஞ்சள் போர்டு வைத்துவிடலாம்." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆள் வழுக்கி விழுகிற படம் போட்ட மஞ்சள் போர்டு ஒன்று எல்லா இடத்திலும் நிற்கிறது. பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதியிருக்கும். காலையில் வைத்தால் ராத்திரி வரை அங்கேயேதான் இருக்கும், தரை காய்ந்திருந்தாலும் இருக்கும். அப்புறம் யார் அதைப் பார்ப்பார்கள்? போர்டு வைத்தவர், "நான் சொல்லிட்டேன், இனி விழுந்தால் உன் பாடு" என்று கை கழுவுகிறார். துடைக்கிற அரை மணி நேரத்துக்கு வைப்பது சரி. தரைக்குப் பதிலாக வைப்பது ஏமாற்று வேலை. ஓமன் தம்பி சொன்ன வரிசை இது: முதலில் ஈரம் வராமல் பார், வந்தால் ஓடிப்போக வழி செய், பிடிக்கிற தரை போடு, பிடிக்கிற செருப்புக் கொடு, இவ்வளவுக்கும் பிறகு கடைசியில்தான் போர்டு.

"சாக்கு விரித்துவிடலாம்." வழுவழு தரையில் சணல் சாக்கு விரித்தால் சாக்கே வழுக்கிக்கொண்டு போகும். ஓரம் மடங்கினால் கால் தடுக்கும். ஒரு ஆபத்துக்கு இரண்டு ஆபத்து.

"எத்தனையோ வருஷமாகப் பழகினவர்கள், விழ மாட்டார்கள்." பழகினவர்தான் விழுந்தார். கையில் பத்துப் படி சாம்பாரோடு வருகிறவருக்குத் தன் பாதமே தெரியாது. கை இரண்டும் பிடிபட்டிருப்பதால் ஊன்றவும் முடியாது. நாம் வெறுங்கையோடு நடந்து பார்த்துவிட்டு "எனக்கு வழுக்கலையே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

"விழறது எல்லாம் விதி டீச்சர்." உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில். இத்தனை சாவையும் விதி என்று விட்டுவிட முடியுமா? தரையைப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆவது பிரிவிலேயே, தரை, படி, நடைபாதை எல்லாம் உறுதியாக இருக்க வேண்டும், ஆட்கள் வழுக்கிவிழக் காரணமான பொருள்கள் அங்கே கிடக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். 11ஆவது பிரிவில், வேலையின் தன்மையால் தரை நனையும் என்றால் தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும் என்றும் இருந்தது. கவனியுங்கள். "தொழிலாளி பார்த்து நடக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு நிறுத்தவில்லை. தரைக்குப் பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்தார்கள். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அப்போதே அந்தத் தெளிவு இருந்தது.

சத்துணவுக் கூடம் தொழிற்சாலை இல்லையே என்று யாராவது சட்டப் பாயிண்ட் பேசலாம். இல்லைதான். கல்யாண மண்டபமும் இல்லை, ஹோட்டல் அடுப்படி பலதும் இல்லை. ஆனால் எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2021ல் நம் மாநிலத்தில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஜவுளிக் கடையில் பெண்பிள்ளைகள் நாள் முழுக்க நின்று கால் வீங்கினால், "அவளுக்கு உடம்புக்கு முடியலை" என்றோம். சட்டம் வந்த பிறகுதான் அது கடைக்காரரின் பொறுப்பு என்று புரிந்தது. தரை விஷயத்திலும் சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து, 2022ல் காலை உணவுத் திட்டம் வந்ததுவரை, நாம் எப்போதும் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். முட்டை வந்ததா, பருப்பு கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தோம். பார்க்கத்தான் வேண்டும். அதைச் சமைக்கிறவர்களின் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பத்து வருஷம் தலைமையாசிரியையாக இருந்த நானும் பார்க்கவில்லை.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன்.

பழைய மாணவர் குழுவுக்கு: டைல்ஸ் வாங்கும் முன் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், "தண்ணீர் எங்கே போகும்?" என்று கேளுங்கள். இப்போது கை கழுவும் தண்ணீர் சமையல் கூட வாசலில்தான் தேங்குகிறது. வாட்டத்தை மாற்றி, வெளிப்பக்கம் வாய்க்கால் எடுக்காமல் எந்த டைல்ஸ் போட்டாலும் வீண். சமையல் கூடத்துக்கு 'ஆர் 11'க்குக் குறையாமல், கை கழுவும் இடத்துக்கு வெறுங்கால் சோதனையில் 'சி' வாங்கியது. மேலே பூசின பூச்சாக இல்லாமல், டைல்ஸிலேயே சொரசொரப்பு இருக்க வேண்டும், பூச்சு தேய்ந்துவிடும். கடையில் ஒரு டைல்ஸை எடுத்து வடிகஞ்சி ஊற்றி, வெறும் குதிகாலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். இது ஆய்வகச் சோதனை ஆகாது, ஆனாலும் மோசமானதைக் காட்டிக்கொடுத்துவிடும். மிச்சம் பணம் இருந்தால் பாத்திரம் தள்ளிப்போக ஒரு சக்கர வண்டி, சமையலர், உதவியாளர் எல்லோருக்கும் அடி பிடிக்கிற செருப்பு.

மண்டபம் நடத்தும் என் நாத்தனார் மகனுக்கு: மருமகப்பிள்ளை, போன தை மாசம் உங்கள் மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிற பையன் விழுந்ததை நான் பார்த்தேன். முன்வாசலில் கிரானைட் போடுங்கள், உங்கள் இஷ்டம். பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தைக் கொத்திவிட்டுச் சொரசொரப்பாகப் போடுங்கள். பெண் வீட்டார் பார்க்கிற இடத்துக்குச் செலவு செய்த கை, கூலிக்காரர் நிற்கிற இடத்துக்கும் கொஞ்சம் நீளட்டும். அத்தை கோபித்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

என்ஜினியர், காண்டிராக்டர், கடை முதலாளி, மேனேஜர் ஆன பிள்ளைகளுக்கு: உங்கள் இடத்தில் யாராவது விழுந்தால், "கவனக்குறைவு" என்று எழுதும் முன் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தரை என்ன? ஈரம் ஏன் வந்தது? வெளிச்சம் இருந்ததா? கையில் என்ன பாரம்? காலில் என்ன செருப்பு? இதற்கு முன் அதே இடத்தில் யார் வழுக்கினார்கள்? இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு, அப்புறமும் அந்த வார்த்தைக்கு இடம் இருந்தால் எழுதுங்கள். விழாமல் சமாளித்த வழுக்கலையும் எழுதி வையுங்கள். அடுத்த வழுக்கல் எங்கே என்று அதுதான் சொல்லும்.

கடைசியாக என்னைப் பற்றி.

இந்தப் பதிவு எழுதுவதற்கு முன் அந்தச் சமையலக்காவைத் தேடிப் போனேன். மகன் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கோணிப்போன அந்தக் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அன்றைக்கு நான் எழுதினது தப்புக்கா, நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள், தரைதான் சரியில்லை, அந்தத் தரையைக் கேட்டதும் நான்தான்" என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியா டீச்சர்? நான் இத்தனை வருஷமா என் கிரகம்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

பதிவேட்டில் எழுதினதை என்னால் இப்போது அடிக்க முடியாது. அதனால் எல்லோரும் பார்க்கும்படி இங்கே திருத்துகிறேன்: அவர் கவனக்குறைவால் விழவில்லை.

நம் பள்ளிக்கூடத் தரைக்கு என் பங்காக ஒரு மாதப் பென்ஷனைத் தருகிறேன். பிடிக்கிற தரை போட்டால் மட்டும். முகம் தெரிகிற டைல்ஸ்தான் என்றால் என் பணம் வேண்டாம். திறப்பு விழாவுக்கும் வரமாட்டேன், கல்வெட்டிலும் என் பெயரைப் போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் பார்க்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். வடிகஞ்சி நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்